மூன்று சதவீதம்

வேதவல்லியின் கைப்பட்டை தினமும் காலையில், அன்று அவள் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடும். அன்றைக்கு எழுபத்தொன்பது சதவீதம். அந்த எண் ஐம்பதைத் தாண்டியதிலிருந்து, இரண்டு வருடமாக அவள் மாடிப்படி இறங்கவே இல்லை. வெளி வேலையெல்லாம் கணவர் தனபால்தான்.

பால் வாங்கக் கிளம்பியவர் படிக்கட்டில் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க!"

கீழிருந்து முனகல்தான் வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வேதவல்லி மேல்படியில் உட்கார்ந்தாள். கைப்பட்டை அலறத் தொடங்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள்.

தனபாலின் வலது கால் கோணிக் கிடந்தது. "வேதா, என் கைப்பட்டை இன்னைக்கு மூணு சதவீதம்னுதானே சொல்லுச்சு?" என்று அழுதார். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. சென்னையிலிருந்து மகள்.

"அம்மா, என் போன்ல உன் நம்பர் தொண்ணூறு காட்டுது! அசையாம உட்காரு, அப்பாவைக் கூப்பிடு!"

"அப்பா இங்கதான் இருக்காரு கண்ணு" என்றாள் வேதவல்லி.