ஒரு ஆட்டத்துக்கு ஒரு சப்பாணி

"டேய் சுந்தர், நீ ஒப்புக்குச் சப்பாணி! எறிஞ்சாலும் கணக்கில்லே, அவுட் ஆனாலும் கணக்கில்லே. ஓரமா நின்னுகினு இரு!"

கிழக்குத் தாம்பரம் ரயில்வே குடியிருப்பின் மைதானத்திலிருந்து வந்த கூச்சல், ஜன்னலோரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த பியூலா டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளைகள் ஏழு கல் ஆடுகிறார்கள். அவள் மகன் சுந்தர்சிங்குக்கு ஒன்பது வயது. ஒருவனை ஆட்டத்தில் சேர்த்த மாதிரியும் இருக்க வேண்டும், சேர்க்காத மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் கொடுக்கிற பதவிதான் ஒப்புக்குச் சப்பாணி. சுந்தருக்கு அது நிரந்தர உத்தியோகம்.

பையனுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கையும் காலும்தான் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டம்ளர் நழுவும், சோறு சிந்தும், சமதரையில் கால் இடறும். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "வியாதி ஒண்ணுமில்லேம்மா, கவனக்குறைவு" என்றார். இன்றைக்கு இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அறுபத்தெட்டில் 'தடிமாடு' என்ற பெயர்தான் இருந்தது.

பியூலா அவன் சட்டைகளில் காஜாவை அடைத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன் தைத்தாள். டம்ளருக்குப் பதில் காது வைத்த கோப்பை வாங்கினாள். வீட்டுக்குள் எதையாவது செய்து சமாளித்துவிடலாம், வெளியே சிநேகிதத்துக்கு எங்கே போவது?

"நாளையிலேருந்து நான் விளையாடப் போகலேம்மா" என்றான் சுந்தர். போகவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டான். இப்படியே விட்டால் பிள்ளை மனுஷர் முகத்தையே பார்க்கமாட்டானே என்று பயந்தாள் பியூலா. சனிக்கிழமை அவளே கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போனாள்.

"சப்பாணி வந்துட்டாண்டா!" என்றது ஒரு குரல்.

"இருங்க, இருங்க! நான்தான் சப்பாணி. நான் அவனைவிட மோசமா ஆடுவேன்" என்றது இன்னொரு குரல்.

அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அமலராணி. பத்து வயது ஒல்லிக்குச்சி. அவள் அப்பா துரைராஜ் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். சானடோரியம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"எங்கே, எறி பார்க்கலாம்!"

அவள் எறிந்த பந்து பின்பக்கம் போய் வேலியில் விழுந்தது. ஓடச் சொன்னார்கள். பாவாடையைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தாள். மைதானமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு சப்பாணிதான், அது அங்கே சட்டம். அமலராணி பதவியைப் பிடித்துக்கொண்டதால், வேறு வழியில்லாமல் சுந்தரைக் கணக்கில் சேர்த்தார்கள்.

அவன் எறிந்ததெல்லாம் தவறியது. "அமலாவுக்கு இவன் தேவலாம்டா" என்று விட்டுவிட்டார்கள். விழுந்தால், "கையை ஊனாதேடா, உருண்டுடு!" என்று அமலா ஓரத்திலிருந்து கத்துவாள்.

ஒரு சாயங்காலம் சுந்தர் மூச்சிறைக்க ஓடிவந்தான். "அம்மா, நான் எறிஞ்சதுல ஏழு கல்லும் விழுந்துடுச்சு! கணக்குல சேர்த்துக்கிட்டாங்கம்மா!"

பியூலா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் மனசாட்சி குத்த ஆரம்பித்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்வார்கள். நாமோ ஊரார் பிள்ளை விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே! அப்பாவுக்குக் கால் அப்படி, பெண்ணுக்கும் அதே வாகு போலிருக்கிறது. ஆனால் என்ன நெஞ்சுரம் அந்தப் பெண்ணுக்கு! தினமும் அத்தனை விழுந்தும் முகம் சுளிப்பதில்லை. முழங்காலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் கர்த்தர்தான் காப்பாற்றுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஒரு அட்டை டிச் பட்டனும் டிஞ்சர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு துரைராஜ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, நான் சுந்தரோட அம்மா. அமலாவை நினைச்சுக் கவலைப்படாதீங்க. என் பையனும் அப்படித்தான். சட்டையில இந்தப் பட்டனைத் தைச்சுக் குடுங்க, கை தடுமாறாது. அடிக்கடி விழுதே பொண்ணு, அதுக்குத்தான் இந்த டிஞ்சர்..."

"யாரு டீச்சரம்மா விழறது?" துரைராஜ் விழித்தார்.

பதில் சொல்ல வாயெடுத்த பியூலா, "ஐயோ, பொண்ணு!" என்று அலறினாள்.

கொல்லையில், பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து நீண்டு வரும் ஒற்றைச் செங்கல் மதில்மேல், தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக அமலராணி பாடிக்கொண்டே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

துரைராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பதறாதீங்க டீச்சரம்மா, நாங்க சர்க்கஸ்ல இருந்தவங்க. கம்பியிலேருந்து விழுந்தது நான்தான். ஆறு வயசுலேருந்து அதுமேல நடந்த எம்பொண்ணு ஒரு நாளும் விழுந்ததில்லே!"