ஒயில் கலக்காத பெற்றோல்

"இதுக்குள்ள ஒயிலே இல்லை!"

வயலுக்கு மருந்தடிக்கிற மெசினின் தாங்கியில் மிஞ்சிக் கிடந்த பெற்றோலை ஒரு வெற்றுச் சோடாப் போத்திலில் ஊற்றி வெயிலில் பிடித்துக் காட்டினான் விஜிதரன். ஒயில் கலந்திருந்தால் நிறம் மாறியிருக்கும். இது வெறும் பெற்றோல்.

சுதாகரனுக்கு முகம் கறுத்தது.

"என்ர மனிசி சுமித்திராதான் கலந்து தந்தவள். முதுகில கொழுவிக்கொண்டு வயலுக்குள்ள இறங்கினனான். ஒரு வரம்பு தாண்டேல்லை, இறுகி நிண்டுட்டுது."

"இந்தப் போகத்துக்குள்ள இது மூண்டாம் தரம், சுதா. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோட கலக்கிற ஒயில்தான் உயிர். அது இல்லாட்டிப் பிஸ்டன் காய்ஞ்சு சிலிண்டரைப் பிறாண்டிப்போடும். பார்."

சிலிண்டரின் உட்சுவரில் பூனை நகம் பட்டதுபோல நீளக் கோடுகள்.

ஒட்டுசுட்டானில் விஜிதரனின் கராஜுக்கு வந்தால் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அன்றும் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்த ஒருவர் வாயைத் திறந்தார்.

"பொம்பிளையளின்ர கையில எஞ்சின் வேலையைக் குடுத்தால் இப்பிடித்தான்."

"போன ரெண்டு தரமும் மறந்துபோனன் எண்டாள்," என்றான் சுதாகரன். "விஜி, நான் அவளை இஞ்ச வரச்சொல்லுறன். என்ர சொல்லு ஏறுதில்லை, நீ நாலு வார்த்தை சொல்லு. நான் வயல்காரரிட்ட நாளைக்கு எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

விஜிதரன் வேலையைத் தொடங்கினான். பழைய மொடல், இரும்புச் சிலிண்டர், தேய்த்து எடுக்கலாம். ட்ரில்லின் நுனியில் மூன்று உரசுகற்களைப் பூட்டி, ஒயில் விட்டு, உள்ளே இறக்கி மேலும் கீழுமாக ஓடவிட்டான். சிலிண்டரின் பக்கத் துவாரங்களில் கல் சிக்காமல் பார்க்கவேண்டும். சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகவும் வந்துவிடக்கூடாது, ஒயில் நிற்காது. பாய் பின்னினதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் விழவேண்டும்.

நன்றாகவே விழுந்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது சுமித்திரா சைக்கிளில் வந்து இறங்கினாள். வாங்கில் இருந்தவர்கள் அதற்குள் போயிருந்தார்கள்.

அவனுக்குக் கோபம் ஆறவில்லை.

"தங்கச்சி, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் விடவேணும் எண்டு தெரியுமோ?"

"ஓம் அண்ணை, நாப்பது மில்லி."

பதில் உடனே வந்தது. துடைத்த கை நின்றது.

"பிறகேன் விடேல்லை?"

"மறந்துபோனன்."

"மூண்டு தரமுமோ?"

அவள் றோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வவுனியா ஆஸ்பத்திரியில இவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தது, அண்ணை. இனி இந்த வயல் மருந்து மணக்கவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். இவர் டொக்டர் எழுதின துண்டைக் கிழிச்சு எறிஞ்சுபோட்டு, ஆரிட்டையும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சால் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடமாட்டினமாம்."

விஜிதரன் றோட்டை எட்டிப் பார்த்தான்.

"என்ர தம்பி ஓமந்தையில கடை வைச்சிருக்கிறான். அத்தானை வந்து நிக்கச் சொல்லி நெடுகக் கேக்கிறான். நான் அழுதும் பாத்தன், சாப்பிடாமல் கிடந்தும் பாத்தன். மறிச்சால் நிக்கிற ஆளில்லை, அண்ணை. மெசின் நிண்டால்தான் அவர் நிப்பார்."

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுதாகரன் இருமிக்கொண்டே படியேறினான். இவ்வளவு நாளும் அதை வயல் தூசி என்றுதான் விஜிதரன் நினைத்திருந்தான்.

"என்ன விஜி, முடிஞ்சுதோ?"

கையிலிருந்த சிலிண்டரை விஜிதரன் பார்த்தான். புதுக் கீறல்கள் மினுங்கின. இன்னும் இரண்டு போகத்துக்குத் தாராளமாக ஓடும். இருபது வருசமாக எஞ்சின் விசயத்தில் அவன் ஒருவருக்கும் பொய் சொன்னதில்லை.

சிலிண்டரைத் துணியால் சுற்றி மேசைக்குக் கீழே வைத்தான்.

"சரிவராது, சுதா. மூண்டு தரம் தேய்ச்சாச்சு. இனித் தேய்க்க அதில ஒண்டும் மிச்சமில்லை. இந்த மெசினை விட்டிடு."

சுதாகரன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"கேட்டியோ? புது மெசினுக்குக் காசுக்கு எங்க போறது? உன்னால என்ர தொழிலே போச்சு! இப்ப சந்தோசம்தானே உனக்கு?"

சுமித்திரா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம்," என்றாள்.