ஒம்பது பத்துக்குச் சிவப்பு

"இது அஞ்சாவது தடவை! பையைத் தூக்கிட்டு வர்றதோட சரி, வேலை ஒண்ணும் ஆகக் காணோம்! நீயெல்லாம் என்ன ரிப்பேர் பாக்கிறியோ!"

கம்பெனி வாசல்ல நின்னு மானேஜர் கத்தின கத்துல செக்யூரிட்டி அண்ணன் எழுந்தே நின்னுட்டார். மானேஜருக்குப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிச்சு. கோபம் வந்தா ஒரு மனுஷனுக்கு இப்படியா வாங்கும்?

எனக்கு மட்டும் கோபம் இல்லையா? நான் ஆன்டெனா ரிப்பேர் பாக்கிறவ. இந்தக் கம்பெனி வாசல்ல ஒரு வருகை மெஷின் இருக்கு. கார்டைக் காட்டினா வந்த நேரத்தைப் பதிஞ்சுக்கும். அதுக்கு மணி சொல்றது சாட்டிலைட். நாலு மாடிக்கு மேல, மொட்டை மாடியில ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா, காளான் மாதிரி உக்காந்திருக்கும். அது வானத்துல இருந்து சிக்னல் வாங்கி அனுப்பினா மெஷின்ல பச்சை விளக்கு. சிக்னல் போனா சிவப்பு. சிவப்பு எரியறப்ப நேரத்தை நம்ப முடியாதுன்னு ஹெட் ஆபீஸ் யாருக்கும் லேட் மார்க் போடாது. எங்க ஆபீசுக்குப் புகார் மட்டும் தானாப் பறந்து வந்துடும்.

ரெண்டு வாரமா, லீவு நாள் தவிர, காலையில ஒம்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப சிவப்பு. ஒம்பதே காலுக்குப் பச்சை. நான் பத்து மணிக்கு வந்து பாத்தா சிக்னல் சும்மா ஜம்முனு இருக்கும். ஆன்டெனாவை மாத்தினேன். கேபிளை மாத்தினேன். ரிசீவர் டப்பாவையே மாத்தினேன். கழட்டாதது என் தலை ஒண்ணுதான்.

அதான் இன்னிக்கு எட்டு அம்பதுக்கே வந்தேன். மானேஜர் ரூம்ல அவர் இல்ல. மேஜை மேல பெரிய எவர்சில்வர் டிபன் டப்பா. அதை எதால மூடி வெச்சிருந்தார் தெரியுமா? போன வாரம் நான் மாங்கு மாங்குன்னு மூணு பக்கம் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டால! என் வேலைக்கு இங்க அவ்வளவுதான் மரியாதை.

"பாரு, எரியுது பாரு!" மானேஜர் மெஷினைக் காட்டினார். சிவப்பு.

செக்யூரிட்டி அண்ணன் மெதுவா என் பக்கம் சாஞ்சார். "இதுல லாபம் ஒருத்தருக்குத்தான், ஆன்டெனாக்கா. பேக்கிங்ல ஒரு பொண்ணு. டாண்ணு ஒம்பது பத்துக்குத்தான் வரும். இந்த மாசம் ரெண்டு லேட் மார்க் விழுந்தாச்சு. மூணாவது விழுந்தா சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"சீக்கிரம் கிளம்பறதுக்கென்ன?"

"புருஷன் படுத்த படுக்கை. நாத்தனார் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாத்துக்கிட்டாத்தான் இது கிளம்ப முடியும்."

"ஆளுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க!" மானேஜர் பாய்ஞ்சார். "ஒம்பதுன்னா ஒம்பது! பதிவு நேரா ஹெட் ஆபீசுக்குப் போகுது. நானே நினைச்சாலும் ஒரு நிமிஷம் மாத்த முடியாது!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்போ யாரோ வேணும்னே பண்றாங்க. அவங்க ஜாலியா வருவாங்க, நான் தினம் திட்டு வாங்கணுமா?

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!" படிக்கட்டைப் பாத்து ஓடினேன்.

"ஏம்மா, மேல எதுக்கு? கேபிளைக் கீழேயே பாரேன்!"

மானேஜர் கத்தினதைக் காதுலயே போட்டுக்கலை. நாலு மாடி ஏறறதுக்குள்ள எனக்கும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிச்சு.

மொட்டை மாடியில ஆன்டெனா தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எவர்சில்வர் மூடி! அடப்பாவிங்களா! வானத்தைப் பாக்க வேண்டியதை இரும்பு போட்டு மூடினா எந்தச் சாட்டிலைட் வந்து பேசும்? வெடுக்குனு எடுத்தேன்.

கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுது. மானேஜர்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே? பச்சை ஆயிடுச்சு!"

"ஆகாம? கண்டுபிடிச்சுட்டேன் சார்! எவனோ ஆன்டெனாவை மூடி வெச்சிருக்கான். நீங்க மட்டும் ஆளைப் பிடிச்சுக் குடுங்க, அவனை நான்..."

"ஐயையோ, திரும்ப வைம்மா!" அவர் குரல் கிசுகிசுன்னு இறங்கிடுச்சு. "அந்தப் பொண்ணு இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருது!"

கையில இருந்த மூடியைப் பாத்தேன். கீழே மேஜை மேல என் ரிப்போர்ட் எதுக்கு மூடியா இருந்துச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது.

கைப்பிடிச் சுவர் ஓரமா எட்டிப் பாத்தேன். தோள்ல இருந்து நழுவற பையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு தலைதெறிக்க ஓடி வந்துக்கிட்டிருந்தா.

மூடியை ஆன்டெனா மேல கவிழ்த்தேன். "சார்... விளக்கு?"

"இன்னும் பச்சைதான்... பச்சை... கேட் பக்கத்துல வந்துட்டா... ஆங், சிவப்பு!"

போன் கட் ஆச்சு. அடுத்த நொடி அவர் குரல் நாலு மாடி தாண்டி நேராவே வந்துச்சு.

"மணி என்னன்னு பாத்தியா? இந்தப் பாழாப்போன மெஷின் புண்ணியத்துல தப்பிச்சே! போ உள்ளே! ஏம்மா ஆன்டெனா, இன்னுமா சரியாகலை?"

"ஆகலை சார்!" நானும் தொண்டை கிழியக் கத்தினேன். "என்ன கோளாறுன்னே தெரியலை!"

காத்துக்கு மூடி லேசா ஆடிச்சு. பக்கத்துல கிடந்த செங்கல்லை எடுத்து அது மேல வெச்சேன்.