முழுப் பெயர்

“நடுவுல மூச்சு விட்டுக்கலாமா, அண்ணாச்சி?”

“ஒரு கம்பெனி முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும்போது விட்டுக்கோ. பேருக்கு நடுவுல விட்டா கேஸ் போட்டிருவானுவ.”

ரெஜினா அந்தக் கடற்கரை நகரத்து வானொலியின் அறிவிப்பாளர். அண்ணாச்சி என்பது மேலாளர் குருமணி. ‘கடலோசை ஒலிபரப்பு நிறுவனம்’ என்றுதான் அது பிறந்தது. அதை ஒருவர் வாங்கினார், அவரை இன்னொருவர் வாங்கினார், கடைசியில் நிலாவில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி எல்லாரையும் சேர்த்து வாங்கியது. யார் வாங்கினாலும் பழைய பெயரை விடக் கூடாது என்பது ஒப்பந்தம். எந்தச் செய்திக்கும் முன்னால் முழுப் பெயரையும் சொல்லியாக வேண்டும். பெயர் ஆரம்பிக்கும்போது படகில் உலை வைத்தால், செய்தி வருவதற்குள் சோறு வெந்துவிடும் என்பான் அவள் கணவன் சில்வெஸ்டர்.

அவன் இப்போதும் கடலில்தான் இருந்தான். இன்றைய செய்தியோ ஒரே வரி: புயல் திசை மாறிவிட்டது, படகுகள் உடனே கரை திரும்ப வேண்டும்.

“கடலோசையை வாங்கிய கரிசல் அலைவரிசையை வாங்கிய பழனிவேல் அண்டு சன்ஸை வாங்கிய…” என்று தொடங்கிய ரெஜினா, ஒவ்வொரு முதலாளியாகத் தாண்டி ஒருவழியாக நிலாவை எட்டினாள். குருமணி சட்டென்று மைக்கை அணைத்தார்.

“இப்பத்தான் தகவல் வந்துச்சு. செவ்வாய்க் கிரகத்துக் கம்பெனி ஒண்ணு நம்மள வாங்கிட்டாம்லா. மறுபடியும் கடலோசையில இருந்து வாம்மா.”

சன்னலுக்கு வெளியே தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு இந்நேரம் உலை வச்சிருப்பாரு. இந்த ஒரு தடவை மட்டும், முதல்ல புயலைச் சொல்லிட்டு அப்புறமா பேரைச் சொல்லட்டுமா?”