எண்ணெய் சூடாகும் வரை

காரை வாங்க வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். எழுந்தபோது முட்டியெல்லாம் மண். தட்டிவிடக்கூட இல்லை.

"எண்ணெய் குடிக்குமா?"

"குடிக்கும்," என்றார் மாமா. "ஆனா குடிச்சாலும் நேரா போகும். நம்ம ஆளுங்க மாதிரி இல்ல."

இருவரும் சிரித்தார்கள். நான் கேட் ஓரமாக நின்றிருந்தேன்.

மாமா என் அக்காவின் புருஷன். கார் ஜப்பான் கார், பழசு. இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட். கம்பெனிக்காரனே அதைச் செய்வதை நிறுத்தி வெகு காலமாகிறது. ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்றாலும் கப்பலில்தான் வர வேண்டும். அது வந்து சேரும் வரைக்கும் மாமாவுக்குச் சோறு இறங்காது.

அக்கா அந்தக் காருக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. "உங்க மாமா சக்களத்தியைக் குளிப்பாட்டிட்டு இருக்காரு. உட்காரு, வருவாரு" என்பாள்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். இந்தக் காரில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழியிலேயே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் மகள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். மாமா வந்து கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அந்தக் கார் அங்கே நிற்கிற வரைக்கும் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மாமா கெஞ்சிப் பார்த்தார். பொம்மை வாங்கி வந்து பார்த்தார். அவளுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் புது மின்விசிறி மாட்டினார். கடைசியில் ஒரு நாள், "வித்துடறேன் மச்சான்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கே மனது கரைந்துவிட்டது.

கார் போகட்டும், மறுநாளே நானே பாப்பாவைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவிக்கு இஷ்டமில்லை. பெற்றவருக்கு இல்லாத உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாமா?" என்றார் வந்தவர்.

அவர் ஓட்ட உட்கார்ந்தார், மாமா பக்கத்தில். நானும் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. அவர் உடனே கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி மெல்ல உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

ஸ்டியரிங் பக்கத்தில் மாமா தனியாக வாங்கிப் பொருத்திய சின்ன மீட்டர் ஒன்று இருந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயின் சூட்டைக் காட்டுவது. வந்தவர் கண் அதில். மாமா கண்ணும் அதில்.

"எண்ணெய் சூடாகாம ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிச்சா இந்த எஞ்சின் உள்ள தேய்ஞ்சே போயிடும். நான் பார்த்த வண்டி எல்லாம் அப்படி நாசமானதுதான்," என்றார் வந்தவர். "மறைக்காம சொல்லுங்க. ஜில்லுனு இருக்கும்போது யாராச்சும் மிதிச்சிருக்காங்களா?"

மாமா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"என் பொண்ணு மேல சத்தியம். ஒரு தடவை கூட இல்ல."

வந்தவர் தலையாட்டிக்கொண்டார். வீடுகள் முடிந்து நேர் ரோடு வந்தது. சின்ன மீட்டரின் முள் நடுவுக்கு வந்து நின்றது.

மிதித்தார்.

எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஐந்தைத் தாண்டியது. ஆறைத் தாண்டியது. அங்கே குரலே மாறிவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வேறொரு எஞ்சின் எழுந்துவிட்ட மாதிரி ஒரு அலறல். என் தலை பின்னால் போய் இடித்தது. முள் எட்டுக்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் காருக்கு இப்படி ஒரு ஓட்டம் இருப்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இதில் நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன். இதே சீட். மடியில் அக்காவின் தலை. சீக்கிரம் மாமா, சீக்கிரம் மாமா என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

"பழைய வண்டி மச்சான். இதுக்கு மேல போகாது" என்றார்.

நம்பினேன். மூட்டை தூக்குகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு லோடு லாரி ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. மாமாவின் கண் நொடிக்கொரு தரம் அந்தச் சின்ன மீட்டருக்குப் போய்ப் போய் வந்தது. வேகம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மருத்துவமனை வாசலில் அக்காவைக் கீழே இறக்கும்போதுதான் எஞ்சின் பக்கமிருந்து லேசாக ஒரு வெதுவெதுப்பு அடித்தது.

மாமா பின்னால் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பெற்ற பிள்ளை மேடையில் பரிசு வாங்குவதைக் காட்டுகிறவர் மாதிரி.

"கேட்டியா மச்..."

என் முகத்தைப் பார்த்தார். முன்னால் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் வந்தவர் ஒருவர்தான் பேசினார். இத்தனை பழைய எஞ்சினை இப்படிக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். வீட்டு வாசலில் சாவி கைமாறியது. கார் மெதுவாகத் தெரு முனையில் திரும்பி மறைந்தது.

அது நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மாமா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் வராமல், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாப்பாவை எப்போது கொண்டுவந்து விடுவாய் என்று கேட்கவில்லை.