ஒற்றைத் தந்தம்

தோழி வாசுகியின் பிறந்தநாளுக்கு மொட்டைமாடியில் விருந்து. எல்லோரும் காட்டு விலங்கு வேடத்தில்தான் வர வேண்டும். அதற்கென்றே பூங்கோதை யானைத்தலை கேக் செய்து கொண்டுவந்தாள். வழியில் ஆட்டோ குலுங்கியதில் ஒரு தந்தம் பாதியில் முறிந்துபோயிற்று. மேசையில் வைத்ததுதான் தாமதம், வாசுகியின் மாமியார் மான்கொம்புத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் குட்டிக்கொண்டார். பின்னாலேயே புலியும் கரடியும் தோப்புக்கரணம் போட்டன.

"பிள்ளையாரை எப்படிடி வெட்டுறது?" என்று வாசுகி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

ராப்பகலாய்ச் செய்த கேக் யார் வாய்க்கும் போகாமல் கண்ணெதிரே உருகியது. காது தொங்கத் தொடங்கியதும் பூங்கோதை பொறுக்கமாட்டாமல் மிஞ்சியிருந்த முழுத் தந்தத்தையும் முறிந்த பாதியையும் ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இது பொம்பளை யானை. வெட்டுடி!"

மாமியார் மெல்ல நெருங்கி வந்து, இரு கையையும் குவித்து நீட்டினார்.

"அந்தக் கொம்புல துளி மிச்சமிருக்கா, கோதை? பிரசாதமாச்சே."