சீனத்து வாத்து

லூசியானா சதுப்பில் படகுக்குள் பதுங்கியிருந்த அல்சீட் துப்பாக்கியை நிமிர்த்தினான்.

"மச்சான், அங்க பாரு! ஊதாத் தலை, ஆரஞ்சு இறக்கை. சீனாவுலேர்ந்து வழி தவறி வந்திருக்கு!"

"எனக்கென்னமோ..." என்று இழுத்தான் படகில் கூட இருந்த ஒவிட்.

"பொறாமைப்படாத! பாடம் பண்ணி நம்ம வேட்டைக் கிளப் சுவத்துல மாட்டறேன். அப்புறம் எவன் என்னைக் கிண்டல் பண்றான்னு பாக்கறேன்."

சுட்டான். வாத்து பறக்கவில்லை, ஒருக்களித்து மிதந்தது.

ஒவிட் அதைத் துடுப்பால் இழுத்துப் புரட்டினான். மரக்கட்டை. அடியில் அல்சீடின் பெயர்.

"வாத்துங்கள ஏமாத்தி வரவழைக்க நீயே செதுக்கிப் பெயின்ட் அடிச்சியே, அந்தப் பொம்மைடா! போன வருஷ வெள்ளத்துல போனது. ஒரு வாத்துகூட இத நம்பலன்னுதானே கிளப்பே சிரிச்சுது?"

அல்சீட் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"வாத்துதான் நம்பல மச்சான். வேட்டைக்காரன் நம்பிட்டானே, போதாதா?"